பிறந்த வருஷம்

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பிறகு, பதிவேட்டில் ஏறும்படியாக ஒரு குழந்தை சொல்கிற முதல் பொய் எது? இன்றைக்கு அநேக வீடுகளில் அது பிறந்த வருஷமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கைபேசியில் ஒரு விளையாட்டையோ படம் பார்க்கிற செயலியையோ முதல் தடவை திறக்கும்போது வருஷங்கள் எழுதிய ஒரு சக்கரம் வருகிறது. விரலால் தள்ளினால் வருஷங்கள் பின்னால் ஓடுகின்றன. 2017இல் பிறந்த குழந்தை 2017இல் நிறுத்தினால் கதவு திறப்பதில்லை. 2005இல் நிறுத்தினால் திறந்துகொள்கிறது. முதல் தடவை அண்ணனோ அப்பாவோ உருட்டிக் காட்டியிருப்பார்கள். இரண்டாம் தடவைக்கு யாரும் வேண்டியதில்லை.

கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளையும் கைபேசியையும் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். இது பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கான விஷயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லுக்கும் உண்மைக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் நாம் இத்தனை காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏழு வயதில் அந்த உறவு எப்படி ஏற்படுகிறது என்பதில் நமக்கு அக்கறை கிடையாது என்றால், நாற்பது வயதில் எழுதப்படுகிற கவிதையில் அது ஏன் காணோம் என்று கேட்கிற யோக்யதையும் நமக்குக் கிடையாது.

இந்த விஷயத்தில் வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் நிமிஷக் கணக்குகள். 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 30லிருந்து 45 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம் என்றது. அதற்கு முந்தைய வருஷம் உலக சுகாதார நிறுவனம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை உள்ள குழந்தை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையின் முன் உட்காரக் கூடாது என்றது. கண்ணுக்கும் தூக்கத்துக்கும் இந்தக் கணக்கு அவசியம். மருந்துக்கு அளவு இருப்பது போல. ஆனால் அளவு பிசகாத அந்த முப்பது நிமிஷத்துக்குள் குழந்தை யாராக இருக்கிறது, யாரிடம் என்ன சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறது என்ற கேள்வி நிமிஷக் கணக்கில் அகப்படுவதில்லை.

குழந்தைகள் பொய் சொல்வது புதிதா என்று கேட்கலாம். புதிதில்லை. ஆனால் பாவனைக்கும் பொய்க்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதைக் குழந்தைகள் நம்மைவிடத் துல்லியமாக அறிந்திருக்கிறார்கள். கொட்டாங்கச்சியில் மண்ணைப் போட்டுச் சோறாக்கி "சாப்பிடுங்க மாமா" என்று நீட்டுகிற குழந்தை பொய் சொல்லவில்லை. வாங்கி மெல்லுகிற மாதிரி வாயை அசைத்து "உப்பு கம்மி" என்கிற மாமாவும் பொய் சொல்லவில்லை. அது மண் என்று இருவருக்கும் தெரியும். மாமா நிஜமாகவே அதை விழுங்கப் போனால் குழந்தை பயந்து அழும். கதை, நாடகம் எல்லாமே இந்த உடன்படிக்கையின் மேல் நிற்கின்றன. வருஷச் சக்கரத்துக்கு எதிரே மாமா இல்லை. ஒரு படிவம் இருக்கிறது. சொன்னதை அது நம்புவதும் இல்லை, சந்தேகிப்பதும் இல்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. தான் சொல்வது உண்மையா என்பதில் எதிராளிக்கு அக்கறையே இல்லாத ஒரு பேச்சைக் குழந்தை அங்கேதான் முதலில் அறிகிறது. உண்மை என்பது கதவைத் திறக்கிற அல்லது திறக்காத ஒரு எண் என்றாகிவிடுகிறது. ஆபாசப் படத்தையும் அந்நியர்களையும் பற்றி நாம் கவலைப்படுகிறோம், சரி. அவற்றுக்கெல்லாம் முன்னால், வாசலிலேயே, இது நடந்து முடிந்துவிடுகிறது.

நான் பாங்கில் குமாஸ்தா. மைனர் என்ற சொல்லோடு தினமும் புழங்குகிறவன். எங்கள் இலாகாப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கு ஒன்று உண்டு: மொஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ். 1895இல் கல்கத்தாவில், இன்னும் மேஜராகாத தர்மதாஸ் கோஷ், பிரம்ம தத் என்ற லேவாதேவிக்காரரிடம் 20,000 ரூபாய்க்குத் தன் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். அப்போது தான் மேஜர் என்று ஒரு உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் அவர் மைனர் என்பதை அவருடைய தாயாரின் வக்கீல் முன்கூட்டியே லேவாதேவிக்காரரின் ஏஜெண்டுக்குக் கடிதம் மூலம் தெரிவித்திருந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1903இல் தீர்ப்பாயிற்று. மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்பது அந்தத் தீர்ப்பின் பிரசித்தமான பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பகுதி. தானே வயதைப் பொய்யாகச் சொன்னவர் இப்போது எப்படி மாற்றிப் பேசலாம் என்று கடன் கொடுத்த தரப்பு கேட்டது. அந்த வாதம் எடுபடவில்லை. உண்மை தெரிந்திருந்தவன், பொய் தன்னை ஏமாற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு அதே காரியம் வேறு வேஷத்தில் நடந்தது. கைபேசிச் செயலிகள் பலவும் கேட்கிற 13 வயது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1998இல் இயற்றி 2000இல் அமலான ஒரு சட்டத்திலிருந்து. 13 வயது நிரம்பாத குழந்தையைப் பற்றிய தகவல்களைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் திரட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். 13இல் விவேகம் பிறக்கிறது என்று யாரும் கண்டுபிடித்து வைத்த எல்லை இல்லை அது. சம்மதம் வாங்குகிற சிரமத்தைத் தவிர்க்க, எங்களிடம் 13க்குக் கீழே யாரும் கிடையாது என்று சொல்லிவிடுவது கம்பெனிகளுக்குச் சுலபமாக இருந்தது. 2019 செப்டம்பரில் கூகுளும் யூட்யூபும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டன. அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் வைத்த குற்றச்சாட்டில் இது இருந்தது: பொம்மைக் கம்பெனிகளிடம், குழந்தைகளை எட்டுவதில் நாங்களே முன்னணி என்று யூட்யூப் சொல்லிக்கொண்டது, வேறொரு விளம்பரதாரரிடம், எங்களிடம் 13க்குக் குறைந்தவர்கள் இல்லை என்றது. கடிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிய கல்கத்தா ஏஜெண்டுதான் எனக்கு ஞாபகம் வந்தார். யந்திரத்துக்குத் தெரியாதா? மூன்று நாள் பொம்மைப் படம் பார்த்தால் நாலாம் நாள் அதுவாகவே பொம்மைப் படம் கொண்டுவந்து நிறுத்துகிறதே.

கடனைப் போலவே இந்தப் பொய்க்கும் வட்டி ஏறுகிறது. எட்டு வயதில் 13 என்று சொல்லி நுழைந்த குழந்தைக்கு, நிஜமாகவே 13 ஆகும்போது யந்திரத்தின் கணக்கில் 18. பிறகு அதற்குக் காட்டப்படுகிற விளம்பரம், படம், பேச வருகிற ஆட்கள் எல்லாம் மேஜருக்கானவை. விடலைப் பிள்ளைகளுக்கென்று அந்தக் கம்பெனிகளே போட்டு வைத்திருக்கிற காப்புகளும் இதற்குக் கிடையாது. என்ன வருஷம் சொன்னோம் என்பதைக் குழந்தை எப்போதோ மறந்திருக்கும். யந்திரம் மறந்திருக்காது.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருகிற ஏற்பாட்டோடு சேர்த்து 1797இல் லண்டனில் அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்று அது அங்கே பரவிற்று. இப்போது விரல் மறுபடியும் எழுத வந்திருக்கிறது, கண்ணாடியின் மேல். திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் திண்ணையில் ஏறவே முடியாத ஜாதிகள் ஊரில் இருந்தன. ஏறியவர்களுக்குப் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. ஆனால் மணலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. உள்ளங்கையால் தடவினால் தப்பு அழிந்துபோகும். மணல் பரப்பின் பக்கத்தில் எப்போதும் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பான். கண்ணாடிக்கு இந்த இரண்டும் கிடையாது.

கம்பெனிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். பிரிவி கவுன்சிலின் நியாயம் நம்மையும் விடாது. குழந்தையின் வயது வேறு யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, பெற்றவர்களுக்குத் தெரியும். சக்கரத்தை உருட்டிக் கொடுத்த அப்பா, பின்னால் ஒருநாள், "இவன் எங்களுக்குத் தெரியாமல் என்னென்னவோ பார்க்கிறான்" என்று சொல்வாரானால், அவர் எந்த நீதிமன்றத்தில் நின்று அதைச் சொல்கிறார்?

வேங்கிக்காலில் நான் காண்பதைச் சொல்கிறேன். மேல்நாட்டுப் புத்தகங்கள் குழந்தைக்கென்று தனியாக ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. இங்கே, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இந்த ஊரிலும், பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு நல்ல கைபேசிதான். சிம் அப்பாவின் பெயரில். அவருடைய யூபிஐ அதில்தான். அம்மாவின் மகளிர் குழுச் செய்தி அதில் வருகிறது, பள்ளியின் வீட்டுப்பாடமும் அதில்தான் வருகிறது. சாயங்காலம் அது குழந்தையின் கையில். குழந்தை அப்பாவாகவே உள்ளே போகிறது. வருஷச் சக்கரம்கூடத் தேவைப்படுவதில்லை. இன்னொரு பக்கம், பாட்டிக்கு வருகிற குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வது நாலாம் வகுப்புப் பேத்தி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன்: ரகசிய எண்ணை உரக்க வாசிப்பது அவள், பட்டனை அமுக்குவதும் அவள்தான். வீட்டிலேயே எழுத்து தெரிந்த குமாஸ்தாவாக அவளை நியமித்துவிட்டோம். ஏமாற்றுக்காரன் கூப்பிடும்போது போனை எடுப்பதும் அவளாக இருக்கலாம். ஆரம்பப் பள்ளிக்கான பாதுகாப்புப் பாடம் என்றால் இந்தப் பேத்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குழந்தை கையில் கைபேசி வந்ததற்கு அதன் அடம் மட்டும் காரணம் இல்லை. 2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கைபேசியால் படம் பிடித்துத் திறக்க வேண்டிய கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. புத்தகமே குழந்தையைக் கைபேசிக்கு அனுப்பிற்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அந்த இடைவெளியில் கைபேசி உள்ள வீட்டில் அதுவே பள்ளிக்கூடம்; இல்லாத வீட்டில் கல்வித் தொலைக்காட்சியை விட்டால் வேறு எதுவும் இல்லை. பிறகு இழந்ததை ஈடுகட்ட அரசு என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்து, தெருவுக்குத் தெரு சாயங்காலத்தில் பிள்ளைகளோடு உட்காரத் தன்னார்வலர்களை அனுப்பிற்று. கருவியால் வந்த பள்ளத்தை அடைக்க, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் தடைதான் வழி என்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அப்படியொரு சட்டத்தை மத்திய அரசு யோசிக்கலாம் என்று சொல்லிற்று. நம்முடைய 2023ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தப் பகுதி அமலாவதற்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. கம்பெனியின் மேல் சுமையை வைக்கிற எந்தச் சட்டத்தையும் நான் வரவேற்கிறேன். லேவாதேவிக்காரர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய நியாயம். ஆனால் அப்பாவின் பெயரில் உள்ளே போகிற குழந்தையை எந்தச் சட்டத்துக்கு அடையாளம் தெரியும்? தடை பெரிதாகப் பெரிதாக உருட்ட வேண்டிய வருஷங்கள்தான் கூடும், நாம் நம் பங்கைச் செய்யாவிட்டால்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் ஒன்று உண்டு. 1999இல் டெல்லி கல்காஜியில் சுகத மித்ரா, சேரியை ஒட்டிய ஒரு சுவரில் கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். விட்டுவிட்டால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். கற்றுக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்தச் சுவர் தெருவில் இருந்தது. ஒரு திரையைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். யார் என்ன பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. போர்வைக்குள் ஒளிர்கிற கைபேசிக்கு அந்தப் பரிசோதனை எந்த வகையிலும் சாட்சியாகாது. இயக்கத் தெரிவதும் நல்லபடியாகப் பயன்படுத்துவதும் வேறு என்பதற்கு அஸர் ஆய்வின் 2024ஆம் வருஷத்து எண்கள் போதும். கிராமங்களில் 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களில் 82 சதத்துக்கு மேல் கைபேசியை இயக்கத் தெரிந்தவர்கள். முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்கு உபயோகித்தவர்கள் 57 சதம், சமூக ஊடகத்துக்கு உபயோகித்தவர்கள் 76 சதம். அந்த வயதில் வெளிப்படுகிற பழக்கம் ஆரம்பப் பள்ளியிலேயே விழுந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

பாதுகாப்பு என்ற வார்த்தையை நாம் பூட்டு என்ற அர்த்தத்தில் மட்டும் புரிந்துகொண்டிருக்கிறோம். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பூட்டையும் மீறி ஒருநாள் ஏதோ ஒன்று குழந்தையின் கண்ணில் படும். யாரோ ஒருவன் போட்டோ அனுப்பச் சொல்வான். அந்தக் கணத்தில் அதைக் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: எழுந்துவந்து நம்மிடம் சொல்வது. சொன்னால் என்ன நடக்கும் என்று அது முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. "உன்னை யார் அதைப் பார்க்கச் சொன்னது" என்று முதுகில் ஒரு அடி, கைபேசி பீரோவுக்குள். உண்மை சொன்னதற்கு இதுதான் கூலி என்றால் எந்தக் குழந்தை சொல்லும்? உள்ளே போகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது, வெளியே வந்தால் மறைக்க வேண்டியிருக்கிறது. யந்திரம் கற்றுக்கொடுத்த பாடத்தின் இரண்டாம் பாதியை வீடு கற்றுக்கொடுக்கிறது. பெரியவர்களின் அதட்டல் பழைய விஷயம், கைபேசிக்கும் முந்தியது. ஆனால் முன்பு அதன் விலை இத்தனை அதிகமாக இருந்ததில்லை.

செய்ய வேண்டியது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குழந்தை தன் நிஜ வயதோடு உள்ளே போகட்டும். பெற்றோரின் கணக்குக்குக் கீழே, உண்மையான பிறந்த வருஷத்தோடு குழந்தைக்கு ஒரு கணக்கு திறக்கிற வசதி இன்றைய கைபேசிகளில் இருக்கிறது. அப்போது கதவு குறுகலாகத்தான் திறக்கும். ஆனாலும் உண்மை சொன்னதற்குத் திறக்கும். பாங்கில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். 10 வயதான மைனர் தன் பெயரில் தானே கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மறுபடி தெளிவுபடுத்தியது. எவ்வளவு தொகை வரை என்பதை பாங்கு தீர்மானிக்கும். அந்தக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க மட்டும் கண்டிப்பாக அனுமதி கிடையாது. பெயர் நிஜம், வயது நிஜம், எல்லை தெரிந்தது, கடனாளியாக முடியாது. குழந்தையை நம்புவதற்கு இதைவிடக் கண்ணியமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிறகு, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் பார்க்கட்டும். நாமும் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, அதை நிறுத்துகிற இடத்தைக் காட்டி, அதன் விரலாலேயே நிறுத்தச் சொல்லலாம். அடுத்தது என்ன என்று தீர்மானித்தது தான் இல்லை என்பதை அது அப்போது கண்டுகொள்ளும். ஏழு வயதுக்கு அது சாமான்யமான ஞானமில்லை. ரகசிய எண் என்பது பாட்டியின் பெட்டிச் சாவி, யார் கேட்டாலும் உரக்கப் படிக்கக்கூடாது என்று சொல்லலாம். பாட்டி சொல்கிற கதையை அதே கைபேசியில் பதிவுசெய்யச் சொல்லலாம். எதையாவது பார்த்துப் பயந்துபோய் வந்து சொன்னால், முதலில் "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லப் பழகலாம். 1098 என்ற எண் குழந்தைகளுக்காக, 1930 பண மோசடிக்காக என்று வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். பள்ளியில் ஆசிரியர் ஒரு பாடவேளையை வருஷச் சக்கரத்துக்கே ஒதுக்கலாம்: அது ஏன் கேட்கிறது, யாருக்காகக் கேட்கிறது, பொய் சொன்னால் யாருக்கு லாபம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். லாபக் கணக்கு அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

இதில் பெரியவர்களிடம் கேட்கப்படுவது நேரமும் கொஞ்சம் வெட்கமும். சாப்பிடும்போது நம் கையில் அது இருக்கிறது; யாரோ கூப்பிட்டால் வீட்டிலிருந்துகொண்டே "வெளியில இருக்கேன்" என்கிறோம், குழந்தை பக்கத்தில் நின்று கேட்கிறது. கைபேசியில் பொய் எப்படிச் சொல்வது என்பதை அது யந்திரத்திடம் மட்டும் கற்கவில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நாம் சிலர், சொல் மெய்யாக இருக்க வேண்டும் என்று பிறரிடம் ஓயாமல் வற்புறுத்துகிறவர்கள். அந்த வற்புறுத்தலுக்கு வீட்டுக்குள் ஒரு இடம் இப்போது கிடைத்திருக்கிறது. யாரும் அதை விமர்சனம் என்று அச்சடிக்கப் போவதில்லை. சக்கரம் வரும்போது குழந்தையின் விரலைப் பிடித்து, அது பிறந்த வருஷத்தில் நிறுத்தி, திறக்காவிட்டால் திறக்காமலே இருக்கட்டும் என்று மூடி வைக்கத் தெரிந்தால் போதும்.